எந்த வீட்டுத் தூண்னு எழுதி வைங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

எனக்கு சொந்த ஊர் கானாடுகாத்தான் பக்கத்துல ஒரு கிராமம், இப்ப இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். அங்க கூடப் படிக்கிற மூணு பேரோட ஒரு சனிக்கிழமை ஸ்டோன்ஹெஞ்ச்ங்குற பழங்காலக் கல் வட்டத்தைப் பாக்கப் போயிட்டு வந்தேன், அன்னைல இருந்து வித்துப்போன எங்க வீட்டுத் தூணுங்கள நினைச்சு மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு, நம்ம பக்கத்து ஆளுங்க படிக்கணும்னுதான் உங்களுக்கு எழுதுறேன்.

காலைல ட்ரெயின் புடிச்சு சால்ஸ்பரி, அங்க கதீட்ரல்ல 1215-ம் வருஷத்து மேக்னா கார்ட்டாங்குற உரிமைச் சாசனம் வச்சிருக்காங்க, அதைப் பாத்துட்டு பஸ் ஏறி ஸ்டோன்ஹெஞ்ச். வெட்டவெளி, காத்து அப்படி அடிக்குது. சுமார் 4500 வருஷத்துக்கு முன்னாடி நிறுத்துன கல்லு. தள்ளித்தான் நிக்க விடுவாங்க, இருந்தாலும் ஒரு உயரமான ஒத்தைக் கல்லோட தலைல குமிழ் மாதிரி ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்குறது நல்லா தெரிஞ்சுது. மேல படுக்கப் போடுற கல்லுல அதுக்குன்னே குழி வெட்டி, அந்தக் குமிழ் மேல உக்கார வச்சிருக்காங்களாம். எனக்கு சட்டுன்னு நம்ம ஆசாரிங்க ஞாபகம் வந்துருச்சு, நிலைக்கதவுக்கு அவங்க பண்ற வேலை அப்படியே அதுதான், மரத்துல பண்ற வேலைய கல்லுல பண்ணிருக்காங்க.

அந்தக் கல்லெல்லாம் அந்த ஊர்க் கல்லே கிடையாது. சின்னக் கல்லுங்க வேல்ஸ்ல இருந்து, சுமார் 240 கிலோமீட்டர். நடுவுல படுத்துக் கிடக்குற ஆறு டன் கல்லு ஸ்காட்லாந்துல இருந்து, 750 கிலோமீட்டராவது இருக்கும்னு 2024-லதான் கண்டுபுடிச்சாங்க. பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள்னு கப்பல்ல கொண்டாந்து கட்டுன செட்டிநாட்டு வீட்டுல பொறந்தவளுக்கு இதைக் கேட்டா எப்படி இருக்கும்னு நீங்களே நினைச்சுக்கங்க.

அங்க கேட்ட இன்னொரு கதைதான் என்னைய இந்த லெட்டர் எழுத வச்சது. 1797-ல விழுந்து கிடந்த கல்லுங்கள 1958-ல தூக்கி நிறுத்துனாங்க, அப்ப ஒரு கல்லுல விரிசல் இருந்ததால துளை போட்டு உள்ள கம்பி வச்சிருக்காங்க, துளை போடும்போது உருளையா வெளிய வந்த கல்லுத் துண்ட, ஒரு மீட்டருக்கு மேல நீளம், வேலை செஞ்ச ஒருத்தரு எடுத்து வச்சுக்கிட்டாரு. அமெரிக்காவுக்கு குடிபோனப்பவும் கையோட கொண்டுபோயிட்டாரு. 60 வருஷம் கழிச்சு, வயசான காலத்துல, 2018-ல அதைத் திருப்பிக் கொடுத்தாரு. அந்தத் துண்டை டெஸ்ட் பண்ணித்தான் அங்க நிக்கிற பெரிய கல்லுங்கள்ல பெரும்பாலானது 25 கிலோமீட்டர் தள்ளி வெஸ்ட் உட்ஸ்ங்குற காட்டுல இருந்து வந்ததுன்னு 2020-ல உறுதி பண்ணாங்க. எந்தக் கல்லுல இருந்து வந்த துண்டுன்னு அவருக்கு தெரிஞ்சிருந்துச்சு, அதனாலதான் அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அது பிரயோஜனப்பட்டுச்சு.

இப்ப நம்ம கதைக்கு வர்றேன். எங்க வீட்டுல முற்றத்தைச் சுத்தி இருக்குற ரெண்டாங்கட்டுல எட்டு தேக்குத் தூண் இருந்துச்சு. போன வருஷம் பங்காளிங்க எல்லாரும் பேசி வித்துட்டாக. நான் யாரையும் குத்தம் சொல்லல, வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குக் கும்பிடுற படைப்புக்கு மட்டும் கூடுற வீடு, மழைக்கு ஓடு பெயர்ந்தா சரி பண்ண லட்சக்கணக்குல ஆகுது, யார் பங்கு எவ்வளவுன்னு பேசி முடிக்கவே ரெண்டு வருஷம் ஓடுது. அப்பச்சி போன்ல சொன்னப்ப "எட்டும் போயிருச்சும்மா"ன்னு அவ்வளவுதான் சொன்னாக, அதுக்கு மேல பேசல. ஒரு போட்டோ கூட யாரும் எடுத்து வைக்கல.

இந்த லீவுல காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல கடை கடையா ஏறி இறங்குனேன். தூணு, நிலை, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, எல்லாம் அடுக்கி வச்சிருக்காங்க, கேட்டா "செட்டிநாட்டு வீடு"ன்னு சொல்லுவாங்க, எந்த ஊரு எந்த வீடுன்னு கேட்டா நான் போன கடை எதுலயும் பதில் இல்ல. அவங்ககிட்ட கொண்டாந்து போட்டவங்க சொல்லல, இவங்களும் எழுதி வைக்கல. யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊருங்க 2014-ல இருந்து இருக்கு, நாளைக்கே முழு அங்கீகாரம் வந்தாலும் பிரிச்சுப் போன வீடு எப்படி இருந்துச்சுன்னு கேக்குறவங்களுக்கு நாம எதைக் காட்டுறது?

விக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல, கஷ்டம் தெரியும். நான் கேக்குறது ரெண்டே விஷயம். பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கி முதக்கட்டு, ரெண்டாங்கட்டுன்னு வீடு முழுக்க போட்டோ எடுங்க, டேப் வச்சு அளந்து ஒரு நோட்டுல எழுதி வைங்க, வீட்டுல இருக்குற காலேஜ் பசங்களே பண்ணிருவாங்க. கடைக்காரங்க வாங்குறப்ப ஊர் பேரும் வருஷமும் ஒரு சீட்டுல எழுதி சாமான் பின்னாடி ஒட்டிருங்க, வீட்டுப் பேரு வேண்டாம்னு நினைச்சா ஊர் பேரு மட்டுமாவது. வாங்கிட்டுப் போறவங்களும் அந்தச் சீட்டைக் கிழிச்சிராதீங்க, நாளைக்கு சென்னைல ஹோட்டல் வாசல்ல நின்னாலும் அது எங்க இருந்து வந்ததுன்னு ஒரு புள்ளை கேட்டா சொல்லணும்ல.

எங்க தூண்ல ஒண்ணுக்கு அடையாளம் இருக்கு. தரைல இருந்து ரெண்டரை அடி உயரத்துல உள்ளங்கை அளவுக்கு கருப்பா எண்ணெய்க் கறை, அப்பத்தா தினம் மத்தியானம் அதுல தலை சாய்ச்சு உக்காந்து ஊறுனது, பாலிஷ் போட்டாலும் போகாதுன்னு ஆசாரியே சொன்னாரு. அப்படி ஒரு தூணை யாராவது எங்கயாச்சும் பாத்திருந்தா இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, திருப்பிக் கேக்க மாட்டேன், எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கானாடுகாத்தான் அருகில், சிவகங்கை மாவட்டம்