பள்ளிக்கூட மீற்றிங்கில எங்கட ஆக்களின்ர கதிரை ஏன் வெறுமையா இருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட பேப்பரை நானும் என்ர மனுசனும் கன காலமா வாசிச்சுக்கொண்டு வாறம். பிள்ளையள் நல்ல மார்க்ஸ் எடுத்தால் படத்தோட போடுறியள், அரங்கேற்றம் போடுறியள், தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி போடுறியள், எல்லாம் பார்க்கச் சந்தோசம்தான். ஆனால் அதே பிள்ளை கிழமையில அஞ்சு நாளும் போற ஜேர்மன் பள்ளிக்கூடத்தில, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில தாய் தேப்பனுக்கு என்ன உரிமை இருக்கு, எங்க போய்க் கதைக்கலாம் எண்டு ஒருக்காலும் நான் வாசிச்ச ஞாபகம் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுறன், நீண்டு போனால் குறை நினைக்காதேங்கோ.

படிப்பிக்கிறது ரீச்சற்ற வேலை, நாங்கள் நேரத்துக்கு அனுப்பி ரியூசனும் குடுத்தால் சரி எண்டு எங்கட ஆக்கள் கன பேர் நினைக்கினம். இஞ்சத்த சட்டம் அப்பிடி நினைக்கேல்லை. பிள்ளையை வளர்க்கிறது பெற்றோரின்ர இயற்கையான உரிமை, அவையின்ர முதல் கடமையும் அதுதான் எண்டு ஜேர்மன் அடிப்படைச் சட்டம் 6ஆம் பிரிவு சொல்லுது, அடுத்த 7ஆம் பிரிவு பள்ளிக்கூடம் அரசின்ர மேற்பார்வையில எண்டு சொல்லுது, அப்ப ரெண்டு பகுதியும் கதைச்சுத்தான் ஆகவேணும், வேற வழி இல்லை. டென்மார்க்கில அரச பள்ளிக்கூட நிர்வாக சபையில பெரும்பான்மையே பெற்றோர்தான். நெதர்லாந்தில 2007இல இருந்து இருக்கிற சட்டப்படி ஆரம்பப் பள்ளிக்கூட ஆலோசனைச் சபையில பாதி ஆசிரியர் ஊழியர், மற்றப் பாதி பெற்றோர், பெற்றோரிட்ட வாங்கிற காசு எவ்வளவு, அதை என்னத்துக்குச் செலவழிக்கிறது எண்டதுக்கு அந்தப் பெற்றோர் பகுதி சம்மதிக்க வேணும். இத்தாலியில 1974இலயே தெரிவு செய்த பெற்றோரைப் பள்ளிக்கூடச் சபையளுக்குள்ள கொண்டு வந்திட்டினம்.

பிரான்ஸை மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏன் எண்டால் அங்க எங்கட சனம் நிறைய. ஒவ்வொரு ஒக்டோபரிலயும் பள்ளிக்கூடத்தில பெற்றோர் பிரதிநிதித் தேர்தல் நடக்குது. தாய்க்கு ஒரு வோட்டு, தேப்பனுக்கு ஒரு வோட்டு. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் எண்டு பார்க்கிறேல்லை, பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவரும் வோட்டுப் போடலாம், வேட்பாளரா நிக்கலாம். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில எத்தினை வகுப்போ அத்தினை பெற்றோர் பிரதிநிதியள். ஜனாதிபதித் தேர்தலில வோட்டு இல்லையே எண்டு கவலைப்படுற ஆக்கள், கையில கிடக்கிற இந்த வோட்டைப் போடாமல் விடுறதைப் பார்க்க எனக்கு உண்மையா மனம் நோகுது.

ஜேர்மனியில நிலைமை வேற மாதிரி, அது எனக்கு நேர தெரியும். இஞ்ச கன மாநிலங்களில நாலாம் வகுப்போட பிள்ளையைப் பிரிக்கினம், பத்து வயசில (பெர்லினிலயும் பிராண்டன்பூர்க்கிலயும் ஆறாம் வகுப்பு முடியத்தான்). கிம்னாசியமா (பல்கலைக்கழகத்துக்குப் போற வழி), றெயால்சூலவா (அதுக்கு அடுத்த நடுத்தரப் பள்ளிக்கூடம்) எண்டு பள்ளிக்கூடம் ஒரு பரிந்துரை எழுதித் தருது. நோர்த்றைன் வெஸ்ற்பாலனில அது வெறும் பரிந்துரைதான், கடைசி முடிவு பெற்றோரின்ரது. பயேர்னில அப்பிடி இல்லை, கிம்னாசியத்துக்கு ஜேர்மன், கணக்கு, சமூகமும் இயற்கையும் மூண்டிலயும் சேர்த்து சராசரி 2.33 அல்லது அதைவிட நல்லதா வேணும் (இஞ்ச 1தான் ஆகச் சிறந்த மார்க்), இல்லாட்டி பரீட்சார்த்த வகுப்புக்குப் போய்ப் பாஸ் பண்ண வேணும். பதினாறு மாநிலத்திலயும் பதினாறு விதம். இது தெரியாத தாய் தேப்பன் ரீச்சர் எழுதிக் குடுத்ததுதான் தீர்ப்பு எண்டு நினைச்சு கையெழுத்து வச்சுப்போட்டு வருகினம், அடுத்த எட்டு ஒன்பது வருசம் அதில போகுது. ரீச்சர்மார் கூடாத ஆக்கள் எண்டு நான் சொல்லேல்லை, கன பேர் மனசார உதவி செய்யினம். ஆனால் கேள்வி கேக்கிற பெற்றோருக்குத்தான் விபரம் சொல்லுப்படும், பின்வரிசையில பேசாமல் இருந்திட்டு வாறவைக்கு ஒரு துண்டுக் கடதாசிதான்.

பெற்றோர் கேட்டு என்ன நடக்கப் போகுது எண்டு கேக்கிறவைக்கு ஒரு விசயம். 1970களில ஸ்கொட்லாந்துப் பள்ளிக்கூடங்களில தோல் பட்டியால கையில அடிக்கிறது வழக்கமா இருந்தது. கிறேஸ் கம்பெல் எண்ட தாய், என்ர பிள்ளைக்கு அடிக்க மாட்டம் எண்டு உறுதி தாங்கோ எண்டு கேட்டா, குடுக்கேல்லை. ஜேன் கொசன்ஸ் எண்ட இன்னொரு தாயின்ர மகன் அடி வாங்க மாட்டன் எண்டு நிண்டதால அவனைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டி விட்டினம். ரெண்டு தாய்மாரும் ஸ்ராஸ்பூர்க்கில இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போச்சினம், பிள்ளையின்ர படிப்பில பெற்றோரின்ர நம்பிக்கையளை அரசு மதிக்க வேணும் எண்ட பிரிவை வச்சே 1982 பெப்ரவரியில வெண்டினம். பிறகு 1986இல சட்டம் வந்து, 1987இல இருந்து பிரித்தானிய அரச பள்ளிக்கூடங்களில அடி நிண்டுது. இண்டைக்கு லண்டனில பள்ளிக்கூடம் போற எங்கட பிள்ளையளும் அந்தத் தாய்மாரால நன்மை அடைஞ்ச பிள்ளையள்தான்.

அதுக்காகப் பெற்றோர் சொல்லுறதெல்லாம் நடக்கவேணும் எண்டும் இல்லை. 1976இல டென்மார்க்கில சில பெற்றோர் பாலியல் கல்வி வேண்டாம் எண்டு அதே நீதிமன்றத்துக்குப் போய்த் தோத்தினம். பாடத்தைப் பக்கச்சார்பில்லாமல், எல்லாக் கருத்துக்கும் இடம் விட்டுச் சொல்லிக் குடுத்தால் அரசு சொல்லிக் குடுக்கலாம் எண்டது தீர்ப்பு. எனக்கு அந்தத் தீர்ப்பு சரி எண்டுதான் படுது, பிள்ளைக்கும் ஒரு உரிமை இருக்கெல்லோ, அது எங்கட உடைமை இல்லையே.

இனி பிரசெல்ஸ். என்ன பாடம் படிப்பிக்கிறது எண்டதில ஐரோப்பிய ஒன்றியம் கை வைக்க ஏலாது, அது ஒவ்வொரு நாட்டின்ர பொறுப்பு. ஆனால் பிள்ளையளைப் பற்றின கன முடிவு அங்கயும் எடுபடுது. 2021 ஜூனில சிறுவர் உத்தரவாதம் எண்டு ஒண்டு கொண்டு வந்தினம், வறுமையில இருக்கிற பிள்ளையளுக்கு இலவசப் படிப்பு, இலவச மருத்துவம், பள்ளிக்கூட நாளில ஆகக் குறைஞ்சது ஒரு நேரச் சத்தான சாப்பாடு எண்டு. ஒன்றியத்தில கிட்டத்தட்ட நாலு பிள்ளையில ஒரு பிள்ளை வறுமை அல்லது சமூகத்தில ஒதுக்கப்படுற ஆபத்தில இருக்கேக்க இது சின்ன விசயம் இல்லை. ஆனால் அது பரிந்துரைதான், நாடுகள் 2030 வரைக்கும் திட்டம் எழுதிச் செய்யவேணும், செய்யினமோ எண்டு கேக்கிறதுக்கு உள்ளூரில ஆள் வேணும். 1985இல தொடங்கின ஐரோப்பியப் பெற்றோர் சங்கம் போல அமைப்புகள் பிரசெல்ஸில பெற்றோருக்காகக் கதைக்கினம்தான், ஆனால் அவைக்குச் செய்தி கீழ இருந்துதான் போகவேணும், வகுப்பில இருந்து பள்ளிக்கூடம், பிறகு நகரம், மாநிலம், நாடு எண்டு. முதல் படியிலயே நாங்கள் இல்லாட்டி மேல எங்கட கதை எப்பிடிப் போகும்?

பிழை முழுக்க எங்கட பக்கம் எண்டு சொல்ல நான் தயார் இல்லை. பின்னேரம் ஏழு மணிக்கு மீற்றிங் வச்சால் ரெஸ்ரோரண்டிலயும் கிளீனிங்கிலயும் வேலை செய்யிறவை எப்பிடி வாறது? கடிதம் முழுக்க அலுவலக மொழியில வந்தால் ஆருக்கு விளங்கும்? கடைசியில பன்ரெண்டு வயசுப் பிள்ளையே தன்ர ரீச்சர் சொல்லுறதைத் தாய்க்கு மொழிபெயர்க்குது, தன்னைப் பற்றின முறைப்பாட்டையும் தானே சொல்ல வேண்டி வருது, அந்தச் சுமையைப் பிள்ளையில போடுறது மகா அநியாயம். நோர்வேயில 2022 ஜனவரியில இருந்து மொழிபெயர்ப்பாளர் சட்டம் நடைமுறையில இருக்கு, அரச அலுவலகங்கள் பிள்ளையளை மொழிபெயர்ப்புக்குப் பாவிக்கக் கூடாது எண்டு அதில இருக்கு, விதிவிலக்கு மிகக் கொஞ்சம். எல்லா நாட்டிலயும் அப்பிடி ஒரு சட்டம் வரவேணும். வரும்வரைக்கும் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு பள்ளிக்கூடத்திட்ட முன்கூட்டியே எழுதிக் கேளுங்கோ, கேக்கிறதில வெக்கம் ஒண்டும் இல்லை.

உங்களிட்ட ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நாட்டிலயும் பெற்றோர் தெரிவு எப்ப, ஆர் நிக்கலாம், பள்ளிக்கூடம் அதைப் பற்றி அனுப்புற கடிதத்தில என்ன இருக்கு எண்டு எளிமையான தமிழில ஒரு பக்கம் போடுங்கோ. ஏற்கனவே பிரதிநிதியா இருக்கிற தமிழ்த் தாய் தேப்பனிட்டையும் எழுதிக் கேளுங்கோ, அவையின்ர அனுபவம்தான் மற்றவைக்குத் துணிவு தரும். பிரான்ஸுக்குச் செப்டெம்பர் தொடக்கத்திலயே போட்டால்தான் உதவும், ஏன் எண்டால் வேட்பாளர் பட்டியல் தேர்தலுக்கு முதலே குடுத்து முடிக்க வேணும்.

நன்றி,
ஒரு தாய், ஜேர்மனி