எம்டிபிஇ உலகச் சந்தை அறிக்கையில் உள்ள பிழைகள் குறித்த புகார்

அனுப்புநர்:
கொள்முதல் திட்டமிடல் பொறுப்பாளர்,
பெட்ரோல் கலப்புப் பொருள் வணிக நிறுவனம்.

பெறுநர்:
வெளியீட்டுப் பிரிவுத் தலைவர்,
வேதிப்பொருள் சந்தை ஆய்வு நிறுவனம்.

பொருள்: எம்டிபிஇ உலகச் சந்தை முன்னோட்ட அறிக்கையின் அடிப்படைத் தவறுகள் – திருத்தமும் பணத்தைத் திருப்பித் தருதலும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பெட்ரோலில் கலக்கும் வேதிப்பொருளான மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர், அதாவது எம்டிபிஇ பற்றித் தாங்கள் வெளியிட்ட உலகச் சந்தை அறிக்கையை எங்கள் நிறுவனம் முழு விலை கொடுத்து வாங்கியது. நீண்டகால விநியோக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடலாமா, அதற்கென்று சேமிப்புத் தொட்டி குத்தகைக்கு எடுக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. அறிக்கையை வரி விடாமல் படித்த பிறகே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

வருங்காலக் கணிப்பு பொய்த்துப் போவதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து விலை எங்கே நிற்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தங்கள் அறிக்கையில் தவறாக இருப்பவையோ நடந்து முடிந்தவை. பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து, சட்டமாகி, நீதிமன்றம் வரை போய், துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை.

முதலில் வட அமெரிக்கப் பகுதி. அங்கே பெட்ரோலில் எம்டிபிஇ நுகர்வு சீராக வளர்ந்து வருவதாகவும், ‘தூய எரிபொருள் விதிமுறைகள்’ அதற்கு உந்துசக்தியாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1995இல் எழுதியிருந்தால் இது சரி. பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்க வேண்டி வந்தபோது, 1979 முதல் அமெரிக்காவில் ஆக்டேனை, அதாவது எஞ்சினில் தட்டொலி எழாமல் எரியும் திறனை, ஏற்றுவதற்காக எம்டிபிஇ கலந்தார்கள். 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம் வந்தது. 1995 முதல், புகைமூட்டம் மிகுந்த நகரங்களில் விற்கும் பெட்ரோலில் எடையில் 2 சதவீதம் ஆக்சிஜன் இருந்தாக வேண்டும் என்றானது. எம்டிபிஇ-யின் எடையில் சுமார் 18 சதவீதம் ஆக்சிஜன். கொள்ளளவில் 11 சதவீதம் கலந்தாலே விதி நிறைவேறிவிடும். சுத்திகரிப்பு ஆலைகள் அதைத் தேடி ஓடியதில் வியப்பில்லை.

அதற்குப் பிறகு நடந்தது தங்கள் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. பெட்ரோல் நிலையங்களின் நிலத்தடித் தொட்டிகள் கசிந்தன. பெட்ரோலில் உள்ள பென்சீன் ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்குள்தான் கரையும். எம்டிபிஇ 40 கிராமுக்கு மேல் கரையும். அது மண்ணில் ஒட்டாது, எளிதில் சிதையாது, நிலத்தடி நீர் போகிற வேகத்திலேயே கூடப் போகும். 1996இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளில் பெரும்பகுதியை மூட வேண்டி வந்தது. நூறு கோடியில் 20 முதல் 40 பங்கு கலந்தாலே நீரில் வாடையும் சுவையும் தெரியும் என்பதால், 1997இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த அளவைக் குடிநீருக்கான அறிவுறுத்தலாக வெளியிட்டது. 1999இல் கலிபோர்னியா ஆளுநர் தடைக்கு உத்தரவிட்டார். 2004 தொடக்கத்தில் கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் தடை நடைமுறையில் இருந்தது. 2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் ஆக்சிஜன் கட்டாயத்தையே நீக்கியது. இழப்பீட்டு வழக்குகளிலிருந்து உற்பத்தியாளர்கள் கேட்ட பாதுகாப்பையும் தரவில்லை. 2006இல் சுத்திகரிப்பாளர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எத்தனாலுக்கு மாறிவிட்டார்கள். அமெரிக்க பெட்ரோலில் எம்டிபிஇ-யின் கதை அத்தோடு முடிந்தது.

அப்படியானால் தங்கள் பட்டை வரைபடத்தில் அந்தப் பெரிய அளவு எங்கிருந்து வந்தது? அமெரிக்க வளைகுடாக் கரையில் எம்டிபிஇ ஆலைகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் சரக்கு ஏற்றுமதிக்குப் போகிறது; அதில் பெரும்பங்கு மெக்சிகோவுக்கு. உற்பத்தியை எடுத்து நுகர்வு என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். இதை அச்சுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. இந்த வரைபடத்தை நம்பி ஒருவர் அமெரிக்காவுக்குள் எம்டிபிஇ விற்கப் புறப்பட்டால் அவருக்கு என்ன நேரும் என்று நினைத்துப் பாருங்கள். 2013இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் தொடர்ந்த வழக்கில் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கு எதிராக 23.6 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. ‘இடர்கள்’ என்ற அத்தியாயத்தில் இதைப் பற்றித் தாங்கள் எழுதியது ‘சில பகுதிகளில் சுற்றுச்சூழல் கவலைகள் உள்ளன’ என்ற ஒரே வாக்கியம்.

மெக்சிகோவைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சரக்கின் மிக முக்கியமான இறக்குமதிச் சந்தைகளில் ஒன்று அது. 2017இல் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம், மூன்று பெருநகரப் பகுதிகள் தவிர்த்து மற்ற இடங்களில் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கலாம் என்றது. அது நிலைத்திருந்தால் எம்டிபிஇ-க்குப் பெரிய அடி. 2020 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. ஒரே தீர்ப்பில் ஒரு சந்தை தப்பியது. தங்கள் அறிக்கையிலோ மெக்சிகோ ‘லத்தீன் அமெரிக்கா’ என்ற தொகுப்பில் பிரேசிலோடு சேர்ந்து கிடக்கிறது. பிரேசில் எத்தனால் நாடு. 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே பெட்ரோலில் 30 சதவீதம் எத்தனால். இரண்டையும் கூட்டி ஒரே வளர்ச்சி விகிதம் போட்டிருக்கிறீர்கள். ஒருவருக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, இன்னொருவருக்கு ஜில்லிட்டுக் கிடக்கிறது; இருவரின் சராசரி வெப்பம் சரியாக இருக்கிறது என்று எந்த மருத்துவராவது சொல்வாரா?

சீனப் பகுதியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. எம்டிபிஇ-யை உலகிலேயே அதிகமாக உற்பத்தி செய்வதும் பயன்படுத்துவதும் சீனாதான். அறிக்கையின் உயிர்நாடி இந்த அத்தியாயம். நாடு முழுவதும் 10 சதவீத எத்தனால் பெட்ரோல் ‘வர இருப்பதாக’ அதில் எதிர்காலத்தில் எழுதியிருக்கிறது. அந்த அறிவிப்பு 2017 செப்டம்பரில் வந்தது. இலக்கு ஆண்டு 2020. மக்காச்சோள இருப்பு குறைந்தது, எத்தனால் ஆலைகளின் திறனும் போதவில்லை. அந்த ஆண்டு தொடங்கும்போதே திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. எத்தனால் பெட்ரோலில் எம்டிபிஇ-க்கு ஏறக்குறைய இடமே இல்லை என்பதால், அந்த நிறுத்தம் இந்தத் தொழிலுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பது தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது அங்கே கடிவாளம் போடுவது மின்சாரக் கார்கள். 2024 ஜூலையில் சீனாவின் சில்லறைக் கார் விற்பனையில் பாதிக்கு மேல் மின்சார, பிளக்-இன் கலப்பின வாகனங்கள். உள்நாட்டு பெட்ரோல் தேவை தளரத் தளர, முன்பு இறக்குமதி செய்த அதே நாடு இன்று எம்டிபிஇ-யைக் கப்பலேற்றி வெளியே விற்கிறது. ஆசியாவில் விலை பேசுகிற எவரும் முதலில் கேட்கும் கேள்வி சீனச் சரக்கு எவ்வளவு வருகிறது என்பதுதான். தங்கள் அறிக்கையில் சீனா இன்னும் இறக்குமதி நாடு.

ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிக்கப்படுவது ‘வரும் ஆண்டுகளில்’ தேவையைக் கூட்டும் என்ற வாக்கியமும் அப்படியே. சாலை வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் அதை நிறுத்திவிட்டது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பழைய அறிக்கை ஒன்றின் அட்டையில் ஆண்டை மட்டும் மாற்றிப் புதிதென்று விற்றிருக்கிறீர்கள் என்ற முடிவுக்குத்தான் என்னால் வர முடிகிறது.

எண்களுக்கு வருகிறேன். ஏற்றுமதி அட்டவணையில் பீப்பாய்க் கணக்கு ஒரு பத்தியிலும் டன் கணக்கு அடுத்த பத்தியிலும் இருக்கின்றன. ஒன்றை மற்றொன்றால் வகுத்தேன். எல்லா வரிசையிலும் 7.33 வந்தது. ஒரு டன்னுக்கு 7.33 பீப்பாய் என்பது கச்சா எண்ணெய்க்கு வழக்கமாகப் போடும் கணக்கு. எம்டிபிஇ-யின் அடர்த்தி லிட்டருக்கு 0.74 கிலோ, 159 லிட்டர் கொண்ட ஒரு பீப்பாயின் எடை சுமார் 118 கிலோ, ஒரு டன்னுக்கு 8.5 பீப்பாய் வரும். ஆக, பீப்பாயிலிருந்து டன்னுக்கு மாற்றிய ஒவ்வொரு எண்ணும் 16 சதவீதம் மிகையாக இருக்கிறது. அதே எண்கள்தான் அடுத்த அத்தியாயத்தில் சந்தை மதிப்பாக மாறுகின்றன. வளர்ச்சி விகிதமும் அங்கிருந்தே பிறக்கிறது. மூலப்பொருள் அட்டவணையும் இதோடு ஒத்துப்போகவில்லை. ஒரு டன் எம்டிபிஇ-க்கு ஏறத்தாழ 0.36 டன் மெத்தனாலும் 0.64 டன் ஐசோபியூட்டிலீன் என்ற வாயுவும் வேண்டும். இது வேதிச் சமன்பாடு, யாரும் போட்டுப் பார்க்கலாம். தாங்கள் காட்டியிருக்கும் மெத்தனால் தேவையிலிருந்து கணக்கிட்டால் தாங்களே காட்டும் எம்டிபிஇ உற்பத்தி வரவில்லை.

உற்பத்தித் திறனைப் பற்றிய பகுதிதான் எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. அதில்தான் ஏமாற்றமும் அதிகம். மெத்தனால் விலை ஒன்றையே மூலப்பொருள் காரணியாக எடுத்துக்கொண்டு, உலக ஆலைகளின் திறனை எல்லாம் ஒரே எண்ணாகக் கூட்டியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் ஐசோபியூட்டிலீன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. சுத்திகரிப்பு ஆலைகளின் வினையூக்கிப் பிளப்பு அலகுகளிலிருந்தும் எத்திலீன் ஆலைகளிலிருந்தும் வெளிவரும் சி4 வாயுவில், அதாவது நான்கு கார்பன் அணு கொண்ட வாயுக் கலவையில், அது கலந்திருக்கும். அங்கே எம்டிபிஇ செய்வது அந்த வாயுவிலிருந்து ஐசோபியூட்டிலீனைப் பிரித்தெடுக்கும் வழியும்கூட. விலை இறங்கினாலும் அந்த ஆலை பெரும்பாலும் நிற்காது. பியூட்டேனை ஹைட்ரஜன் நீக்கிச் செய்கிற ஆலைகள் வேறு ரகம். லாபம் கரைந்தால் முதலில் மூடுவது அவைதான்; சந்தையில் விலைக்குத் தரை போடுவதும் அவற்றின் செலவுதான். மூன்றாவதாக, புரொப்பிலீன் ஆக்சைடு தயாரிப்பின் துணைப்பொருளான டெர்ஷியரி பியூட்டைல் ஆல்கஹாலிலிருந்து வரும் எம்டிபிஇ. அந்த ஆலை எவ்வளவு ஓடும் என்பதில் மெத்தை நுரைக்கும் பாலியூரித்தேனுக்கும் உள்ள கிராக்கிக்குப் பெரும்பங்கு உண்டு. அதை பெட்ரோல் சந்தையை மட்டும் பார்த்துக் கணிக்க முடியாது. இந்த மூன்றையும் கூட்டி ஓர் எண்ணைத் தந்தால், விலை சரியும்போது எந்த ஆலை நிற்கும், எங்கள் சரக்கு வருமா வராதா என்று நாங்கள் எப்படி அறிவது? ஒப்பந்தம் போடுகிறவருக்குத் தேவையான கேள்வி இது ஒன்றுதான்.

எரிபொருள் அல்லாத பயன்பாடு அறிக்கையில் அறவே இல்லை. எம்டிபிஇ-யை மீண்டும் பிளந்து மிகத் தூய்மையான ஐசோபியூட்டிலீன் எடுக்கிறார்கள். பியூட்டைல் ரப்பரும், அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான மெத்தில் மெத்தாக்ரிலேட்டும் செய்யும் வழிகளில் ஒன்று அங்கே தொடங்குகிறது. பெட்ரோல் தேவை குறையும் காலத்தில் இந்தப் பக்கம் எவ்வளவு தாங்கும் என்பதைப் படிக்கத்தான் ‘உலக முன்னோட்டம்’ என்ற தலைப்பை நம்பினோம். ஐரோப்பாவில் அதே ஆலையில் மெத்தனாலுக்குப் பதில் எத்தனாலைச் செலுத்தி ஈடிபிஇ என்ற இதே வகைக் கலப்புப் பொருளைச் செய்கிறார்கள் என்பதையும் தாங்கள் கவனிக்கவில்லை; இரண்டின் திறனையும் தனித்தனியே எண்ணியதில் ஒரே ஆலை இரண்டு முறை கணக்கில் ஏறியிருக்கிறது.

இவற்றைச் சுட்டிக்காட்டித் தங்கள் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஏற்கெனவே எழுதினேன். எண்கள் தங்கள் ‘உள்மாதிரி’யிலிருந்து, அதாவது சொந்தக் கணக்கீட்டு முறையிலிருந்து, வருபவை என்றும், மூலத்தை வெளியிட முடியாது என்றும், அடுத்த பதிப்பைத் தள்ளுபடியில் தருவதாகவும் பதில் வந்தது. பதில் எழுதியவர் மரியாதையாகவே எழுதினார்; அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு பீப்பாயின் எடை எந்த நிறுவனத்தின் ரகசியமும் அல்ல. அமெரிக்க எம்டிபிஇ ஏற்றுமதி அளவை அந்நாட்டு எரிசக்தித் தகவல் நிர்வாகம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. சுங்கப் புள்ளிவிவரங்களும் இருக்கின்றன. அவற்றோடு ஒரு முறை ஒப்பிட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

இந்த அறிக்கையை வாங்குபவர்கள் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் மட்டும் அல்லர். அவர்களிடம் சொந்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். தவறைக் கண்டுபிடித்துத் தூக்கி வைத்துவிடுவார்கள். எங்களைப் போன்ற சிறிய வணிகர்களும், ஆலை தொடங்கக் கடன் கேட்பவர்களும், அந்தக் கடனைப் பரிசீலிக்கும் வங்கி அதிகாரிகளும் இதில் உள்ள வளர்ச்சி விகிதத்தை அப்படியே எடுத்துத் தம் கோப்பில் ஒட்டிக்கொள்கிறார்கள். அதன்மேல் தொட்டி எழும், கடன் எழும், ஆட்கள் வேலைக்கு வருவார்கள். அந்தப் பொறுப்பு தங்களுக்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, அறிக்கைக்கு நாங்கள் செலுத்திய தொகையை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். தள்ளுபடிச் சலுகை எங்களுக்கு வேண்டாம். அதைவிட முக்கியமாக, இந்தப் பதிப்பை வாங்கிய அனைவருக்கும் வட அமெரிக்க நுகர்வு, சீன வர்த்தக நிலை, பீப்பாய்–டன் மாற்றம் ஆகிய மூன்றைப் பற்றியும் எழுத்துமூலம் திருத்தம் அனுப்ப வேண்டும்; அதுவரை இதன் விற்பனையை நிறுத்தி வைக்க வேண்டும். இனி வரும் பதிப்புகளில் ஒவ்வொரு அட்டவணைக்கும் கீழே தரவின் மூலமும் ஆண்டும் அச்சிட வேண்டும்.

பிழை உள்ள பக்கங்களின் நகல்களையும், எங்கள் கணக்கீட்டுத் தாள்களையும், பணம் செலுத்திய ரசீதையும் இணைத்துள்ளேன். கணக்கில் தங்களுக்கு மறுப்பு இருந்தால் தங்கள் ஆய்வாளரோடு வரிக்கு வரி பேச ஆயத்தமாக இருக்கிறேன். இரண்டு வாரங்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவோம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொள்முதல் திட்டமிடல் பொறுப்பாளர்

இணைப்பு: அறிக்கைப் பக்கங்களின் நகல்கள், கணக்கீட்டுத் தாள்கள், ரசீது.