ஆப்பசோடா வாங்கி வரச் சொன்ன அண்ணனுக்கு

போன செவ்வாய்க்கிழமை, கோவை கணபதியில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்பில், பழைய பேட்டரிகளிலிருந்து வடித்து வைத்திருந்த ஆசிட் கேன் சாய்ந்து தரையெல்லாம் ஓடியது. வேலை பழகும் பையனின் காலிலும் பட்டுவிட்டது. பதற்றத்தில் நான் பிளீச்சிங் பவுடரைத் தூக்கினேன். "தம்பி, அதைப் போடாதீங்க! ஆசிட்டோடு சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும்" என்று தடுத்தவர், வண்டிக்கு ஆயில் மாற்ற வந்திருந்த நீங்கள்தான்.

அப்புறம் எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். பையனின் செருப்பைக் கழற்றி, குழாயடியில் 20 நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றினோம். சாக்கடைப் பக்கம் மணலால் வரப்பு கட்டினோம். எதிர் மளிகைக் கடையில் ஆப்பசோடா வாங்கி வரச் சொல்லி, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினீர்கள். பொங்கிய நுரை அடங்கும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. அள்ளிய சேற்றில் ஈயம் இருக்கும், குப்பையில் கொட்டாதீர்கள் என்று பிளாஸ்டிக் வாளியில் மூடி வைக்கவும் சொன்னீர்கள்.

இத்தனை வருடத் தொழிலில் இதை நான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இப்போது ஆப்பசோடாவும் மணல் வாளியும் பேட்டரி ரேக் பக்கத்திலேயே இருக்கின்றன.

பையன் கால் ஆறிவிட்டது, அண்ணா. பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். ரொம்ப நன்றி. இந்தப் பக்கம் வந்தால் அவசியம் உள்ளே வாருங்கள், அவன் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.