லீவில் வந்த பிள்ளையைக் காணவில்லை

அன்பு மகனுக்கு,

குடும்ப வட்சப்பில் நீ போட்ட மெசேஜைப் பார்த்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் தொடங்க முதலே "சரி அம்மா, சரி" என்பாய், பிறகு இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பாய், நானும் சொல்வேன், அதோடு கதை முடிந்துவிடும். மெசேஜ் வந்தபோது நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தோம். உனக்கு அங்கே விடியப்புறம் மூன்று மணி. அந்த நேரத்தில் ஏன் முழித்திருக்கிறாய் என்றுதான் முதலில் யோசித்தேன், அதற்குப் பிறகுதான் எழுதியிருந்ததை வாசித்தேன். "படம் நல்லம். லீவில் வீட்டுக்குப் போகிற பகுதியை வெட்டினதும் நல்லம், இருந்தால் இழுத்திருக்கும்." அக்கா கைதட்டுகிற படம் போட்டாள். அப்பா ஒன்றும் போடவில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நீ சொல்லித்தானே நாங்களும் பார்த்தோம், முதலாம் உலகப் போருக்குப் போகிற பவுல் என்ற ஜேர்மன் பையனின் கதை, ரிமார்க்கின் புத்தகத்தை வைத்து எடுத்த படம். "ஆல் குவைட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்" நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது, அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கோ என்று நீ சொன்னபிறகு, சின்ன மாமாவின் மகன் வந்து ரீவியில் போட்டுத் தந்தான். மாமியும் வந்தா, கீழ் வீட்டு அக்காவும் வந்தா. அப்பாவுக்குக் காது இப்போது நல்லாய்க் குறைந்துவிட்டது, அவருக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்தோம். அந்தப் படத்தில் ஒரு மூன்று சுரம் வரும், நெஞ்சில் இடிக்கிற மாதிரி, அது வரும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இசையமைத்தவர் தன் பூட்டியின் பழைய ஆர்மோனியத்தில் வாசித்ததாம் அது. மாமி பாதியில் எழும்பிப் போய்விட்டா, இரத்தம் பார்க்க ஏலாது என்று.

அப்பாவின் கோபத்தை நீ கேட்டிருக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு எழும்பி நின்று கத்தினார், உன் அப்பா ரீவியைப் பார்த்துக் கத்தி நான் அதற்கு முன் கண்டதில்லை. புத்தகத்தில் பவுல் சாவது 1918 ஒக்டோபரில், ஒன்றுமே நடக்காத ஒரு நாளில். மேற்கு முனையில் புதிதாக ஒன்றும் இல்லை என்று படைத்தலைமை ஒரு வரி அறிக்கை விட்ட நாளில் அந்தப் பிள்ளை செத்துப்போகிறான். புத்தகமே அந்த வரியில்தான் நிற்கிறது. படத்திலோ நவம்பர் 11, பதினொரு மணிக்குப் போர்நிறுத்தம், அதற்குச் சற்று முன் ஒரு ஜெனரல் வெறிபிடித்துப் பையன்களை மறுபடி தாக்கப் போகச் சொல்கிறான், மணி அடிக்கப் போகிற நேரம் பவுல் விழுகிறான். சரித்திரம் படிப்பித்த மனுஷனுக்கு இது பொறுக்குமா? ஒப்பந்தம் விடிய ஐந்து மணிக்குப் பிறகு கையெழுத்தானது, பதினொரு மணிவரை சனம் செத்துக்கொண்டே இருந்தது, அது உண்மை, ஆனால் கடைசி நேரத்தில் பாய்ந்தது அதிகம் மற்றப் பக்கம்தான், ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10.59க்குச் செத்தான் என்றார். அடுத்த நாள் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் போய்விட்டு வந்தார், எதையோ சரிபார்க்க. இருக்கிற முழங்காலோடு, அந்த வெயிலில்.

மாமாவின் மகன் விடவில்லை. படம் என்றால் படம்தான் பெரியப்பா, புத்தகத்தை அப்படியே எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது, நாலு ஒஸ்கார் கொடுத்திருக்கிறார்கள், லண்டனில் ஏழு பஃப்டா கொடுத்திருக்கிறார்கள் என்றான். அப்பா, ஜேர்மன் பத்திரிகைகளே இந்தப் படத்தைக் கிழித்தன என்றார். அவனுக்கு டாங்கிகள் புகைக்குள்ளால் வந்த இடம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறதாம். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அந்த இடம் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரனைக் குத்திவிட்டுப் பவுல் அவன் வாயில் தண்ணீர் விடுகிற குழிக் காட்சியில் மாமாவின் மகனும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான்.

கீழ் வீட்டு அக்கா ஒரேயொரு இடத்தைப் பற்றித்தான் கதைத்தா. தொடக்கத்தில் செத்த பையன்களின் சீருடைகளைக் கழற்றி, மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து, அண்டாக்களில் அவித்து, பிறகு வரிசையாகப் பெண்கள் இருந்து மெஷினில் ஓட்டை தைக்கிறார்களே, அது. அவ இரத்மலானையில் கார்மென்ட் ஒன்றில் எத்தனை வருஷம் இருந்தவ என்று உனக்குத் தெரியும். பவுல் தன் சட்டையில் வேறொருவனின் பெயர்த் துண்டைக் கண்டு இது என்னுடையது இல்லை என்று சொல்ல, அந்த மேசைக்காரன் துண்டைப் பிய்த்துவிட்டுக் கொடுக்கிறான். அப்படித் துண்டுகள் அங்கே கீழே கிடக்கும். தைத்தவளுக்குத் தெரிந்திருக்கும், ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துதான் தைத்திருப்பாள் என்றா. வேறொன்றும் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கிப் போனா.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்தப் படத்தில் தாய் எங்கே என்று கேட்டிருப்பேன். பவுல் தகப்பன் தாயின் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டுப் படைக்குப் போகிறான், அதோடு வீடு முடிந்தது. முடிவு மாறியது, சண்டையைக் கூட்டினது, போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்ட அந்த எர்ஸ்பெர்கர் மந்திரியை ரயில் பெட்டியில் கொண்டுவந்து இருத்தினது, அதெல்லாம் அப்பா கோபிக்கட்டும். 1930இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்திலும் 1979இல் ரீவிக்கு எடுத்ததிலும் பிள்ளை லீவில் வீட்டுக்கு வருகிறான். இதில் மட்டும் வரவில்லை. எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும், அதை வெட்டியவர்கள் புத்தகத்தின் நடுவைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

நீ அதை இழுவை என்கிறாய். நீ! பதினைந்து வயதில் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் வந்து வந்து எனக்குக் கதை சொன்ன பிள்ளை. ஹிம்மெல்ஸ்டாஸ் என்ற தபால்காரன் படைக்குப் போய்ப் பையன்களை வதைத்ததைச் சொல்வாய், காட் என்ற மூத்த சிப்பாய் எங்கிருந்தோ சாப்பாடு கொண்டுவருவதைச் சொல்வாய், நான் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பேன். உன்னால்தான் நானே அதை வாசித்தேன். எங்கள் ஒழுங்கையில் அந்த வயதில் அப்படி வாசித்த பிள்ளை வேறு இல்லை, இன்றைக்கும் உன் ஆங்கில ரீச்சர் மயூராபதி அம்மன் கோயிலில் கண்டால் அதைத்தான் சொல்லுவா.

அந்தப் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம், பவுல் லீவில் வீட்டுக்கு வருகிற பகுதி. படியில் நிற்கும்போது தமக்கை மேலே இருந்து "அம்மா, பவுல் வந்திட்டான்" என்று கூப்பிடுகிறாள், அவனால் அடுத்த படி ஏற முடியவில்லை. தாய் வருத்தக்காரி, கட்டிலில் கிடக்கிறாள். அவனுக்குப் பிடிக்கும் என்று பழ ஜாமை எடுத்து வைக்கச் சொல்கிறாள். தகப்பன் அவனைச் சீருடையோடு தெரிந்தவர்களிடம் கூட்டிப் போகப் பார்க்கிறார். கடையில் பெரியவர்கள் அவனை இருத்தி, எந்த நாட்டைப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். அவன் தன் அறைக்குள் போய்ப் புத்தக அலுமாரியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான், ஒரு புத்தகமும் அவனோடு பேசவில்லை. வந்திருக்கவே கூடாது என்று நினைக்கிறான்.

போன மார்கழி நீ வந்து நின்றபோது எனக்கு இதெல்லாம் ஞாபகம் வந்தது என்று சொன்னால் கோபிக்காதே. அப்பா உன்னைச் சங்கத்துக்குக் கூட்டிப்போய் எல்லோருக்கும் காட்டினார், அவருக்கு அவ்வளவு பெருமை. மாமா ரொறன்ரோவில் வீட்டு விலையைப் பற்றி உனக்கே விளங்கப்படுத்தினார். நான் ஒடியல் கூழ் காய்ச்சினேன், நீ ரண்டு வாய் குடித்துவிட்டு நல்லாயிருக்கு அம்மா என்றாய். இரவில் உன் அறையில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்கும், பிறகு யன்னல் திறக்கிற சத்தம், பிறகு முதல் ரயில் போகும். ஒரு நாளும் நீ விடியமுன் படுக்கவில்லை. நீ போனபிறகு அறையைக் கூட்டும்போது அந்தப் புத்தகம் தலைமாட்டில் கிடந்தது, மட்டை கழன்ற அதே பிரதி. எந்தப் பக்கம் வாசித்தாய் என்று எனக்குத் தெரியாது.

அந்தத் தாய் கேட்கிறாள், அங்கே மிகவும் கஷ்டமாக இருந்ததா பவுல் என்று. அவன் இல்லை அம்மா, அவ்வளவு இல்லை என்கிறான். பொய் என்று அவளுக்கும் தெரியும், ஆனால் கேட்டாள். நான் கேட்கவே இல்லை. ரொறன்ரோவுக்குப் போக முந்தி, நீ அங்கிருந்து வந்த அன்று கதவைத் திறந்து, உன் சட்டையை வாங்கி, பார்க்காமலே வாளிக்குள் ஊறப்போட்டேன். கழுத்துப் பொத்தான் ரண்டும் இல்லை. அடுத்த நாள் பொத்தான் வாங்கித் தைத்தேன். சுடுதண்ணி வைத்தேன், பால் தேத்தண்ணி போட்டேன், அப்பாவுக்கும் அக்காவுக்கும் ஒருவரும் ஒன்றும் கேட்கக்கூடாது என்று சொன்னேன். உனக்கு நோகக்கூடாது என்றுதான் சொன்னேன், ஆனால் எனக்குக் கேட்கப் பயம், அதுவும் உண்மை. பிறகு விசா அலுவல் வந்தது, காசு புரட்டுகிற அலுவல் வந்தது, நீ போய்விட்டாய். கீழ் வீட்டு அக்கா அந்தத் தையல்காரிகளைப் பற்றிச் சொன்னபோது நான் எழும்பிக் குசினிக்குள் போய் நின்றேன்.

இந்தக் கதையை எழுதிய ரிமார்க்குக்குப் பிறந்தபோது வைத்த பெயர் எரிக் பவுல். 1917இல் அவர் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் தாய் புற்றுநோயால் இறந்துபோனா. தாயின் பெயரிலிருந்த மரியாவை அவர் பிறகு தன் பெயரில் சேர்த்துக்கொண்டார், பவுலைக் கதையில் வந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அப்படிப்பட்ட மனுஷன் அந்த அத்தியாயத்தைப் பக்கம் நிரப்ப எழுதியிருப்பாரா? நீயே யோசி.

நான் இப்போது கேட்கிறேன் என்று நினைக்காதே. சொல்ல வேண்டும் என்றும் இல்லை. உனக்கு எது ஏலும் என்று உனக்குத்தான் தெரியும். "அவ்வளவு இல்லை அம்மா" என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம், அது போதும். அங்கே இதற்கென்று படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள், தமிழ் தெரிந்தவர்களும் இருக்கிறார்களாம், அக்கா விசாரித்து வைத்திருக்கிறாள், போவதும் விடுவதும் உன் விருப்பம். ஆனால் நித்திரை கொள் ராசா. இரவு வேலையை விடு. காசு போதும், அப்பாவின் கண் ஒப்பரேஷனுக்கு நீ அனுப்பியதிலேயே இன்னும் மிச்சம் இருக்கிறது, எவ்வளவோ பிள்ளைகள் செய்யாததை நீ செய்துவிட்டாய், இனி உன்னைப் பார். வட்சப்பில் விடிய மூன்று மணிக்கு உன் பெயரைக் கண்டால் எனக்கு அந்த நாள் முழுக்க ஓடாது.

இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் மகளுக்குச் சோதனை கிட்டுகிறது. குளியலறைச் சுவரில் மறுபடி ஈரம், மேசனுக்குச் சொல்லியிருக்கிறது.

அக்காவோடு வேலை செய்கிற பிள்ளை வருகிற மாதம் ரொறன்ரோ வருகிறாள். அவளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறேன், மட்டையை அப்பா பசை போட்டு ஒட்டியிருக்கிறார். மிளகாய்த்தூளும் வைக்கிறேன், இரட்டைப் பையில் கட்டி. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எடு. முடிவை மாற்றியது பிழையா சரியா என்று உன்னோடு வாதாட அவர் ஒரு கொப்பியில் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு இருக்கிறார். மாமாவின் மகனோடு கதைத்து அவருக்குத் திருப்தி இல்லை. சத்தமாகக் கதை, காது கேட்காது. வேலைக்குப் போய்வந்த களையோடு எடுக்காதே, நித்திரை கொண்டு எழும்பிவிட்டு எடு.

அன்புடன்,
அம்மா