படகை மலையேற்றச் சொல்பவர்களுக்கு ஒரு பிக்கப் டிரைவரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொடைக்கானல் ஏரிப் படகுக் குத்தகைதாரர்களுக்கும் அவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை, கொடைக்கானல் மலைப்பாதையில் டம் டம் பாறைக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் முக்கால் மணி நேரம் வண்டிகள் நின்றது உங்களுக்குத் தெரியும். அந்த பிக்கப்பை ஓட்டியது நான்தான். டிரைவருக்கு அனுபவம் போதாது என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருபத்திரண்டு வருடமாக வத்தலகுண்டுக்கும் கொடைக்கானலுக்கும் லோடு அடிக்கிறேன். சரி, அது போகட்டும்.

பழுது பார்த்த மோட்டார் படகை முந்தின நாள் மாலையே ட்ரெய்லரில் ஏற்றிக் கீழே பட்டறை வாசலில் நிறுத்திவிட்டார்கள். ராத்திரி நல்ல மழை. தார்ப்பாய் போடவில்லை. படகின் பின்பக்கம் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. அதன் மூடியையும் யாரோ இறுக்கித் திருகி வைத்திருந்தார்கள். விடியற்காலை நாலரைக்குப் போனேன், ஒரே இருட்டு. "சீக்கிரம் கிளம்புங்க, சீசன் கூட்டம்" என்று போன் மேல் போன். நானும் ஏறிப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். அது என் தப்புதான்.

சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏற்றம் தொடங்கியதும் படகிலிருந்த தண்ணீரெல்லாம் பின்னால் போய்ச் சேர்ந்தது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. உள்ளே முந்நூறு லிட்டருக்குக் குறையாது. ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது அதை பிக்கப்போடு இணைக்கும் கொக்கியின் மேல் அழுந்தி நிற்க வேண்டும். வால் கனத்தால் மூக்கு தூக்கும், மூக்கு தூக்கினால் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். அதுதான் நடந்தது. ஈர ரோட்டில் பின்சக்கரம் சும்மா சுழல, வண்டி ஒரு முழம் பின்னால் நழுவியது. பின்னாலேயே ஒரு பஸ். கிளீனர் பையன் குதித்து ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. கல் உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனும் நானும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

வடிதுளையின் மூடியைத் திருகிக் கழற்றியதும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒரு பாட்டி, "ஏரிக்குத் தண்ணியும் கீழேருந்துதான் போகுதாப்பா?" என்று கேட்டார்.

அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். கொக்கியைப் பூட்டும் இரும்புப் பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டும் கட்டுக்கம்பியும். ட்ரெய்லரின் முன்தண்டான ஏர்க்காலுக்குக் கீழே குறுக்காகப் போகவேண்டிய இரண்டு சங்கிலிக்குப் பதில் ஒரு நைலான் கயிறு. கொக்கி கழன்றாலும் ஏர்க்கால் ரோட்டில் குத்தாமல் தாங்குவதற்குத்தான் சங்கிலி. நைலான் கயிறு எதைத் தாங்கும்? ட்ரெய்லருக்கென்று பிரேக்கும் கிடையாது. பழைய படகை இறக்கும்போது இரண்டாவது கியரில் பிடித்து வந்தாலும் மொத்தப் பாரமும் முதுகில்தான் தள்ளும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ட்ரெய்லர் கிளம்புமுன் தண்ணீர் வடிந்ததா, கொக்கிப் பின், சங்கிலி, விளக்கு, டயர் காற்று சரியா என்று உங்கள் ஆள் ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்தேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்றைக்கே மேலே சாவடியில் என் சீட்டுக்கு அடியிலிருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் ஒழியட்டும், மறுப்பில்லை. 2024 மே முதல் சுற்றுலா வண்டிக்கு இ-பாஸும் கேட்கிறார்கள், அதுவும் சரி. போல்ட்டும் கயிறுமாக ஏறிவந்த ட்ரெய்லரை மட்டும் யாருமே ஏறிட்டுப் பார்க்கவில்லை. 1863இல் இந்த ஏரியை அமைத்த மதுரை கலெக்டர் லெவிஞ்ச் துரை முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தாராம். அப்போது இந்த மலைப்பாதையே கிடையாது. அந்தப் படகை இதைவிட ஒழுங்காகத்தான் கட்டியிருப்பார்கள்.

கோபத்தில் ஏதாவது அதிகப்படியாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். அடுத்த படகு வரும் வியாழக்கிழமை ஏற வேண்டும் என்று தகவல் வந்திருக்கிறது. அதற்குள் அந்தக் கையெழுத்துக்கு ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்தில்லாத ட்ரெய்லரை என் வண்டியில் மாட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
வத்தலகுண்டு பிக்கப் டிரைவர் ஒருவர்