அந்தப் படிக்கட்டுக்காக வீடுகளை இடிக்க வேண்டாம்

பார்சலோனா சக்ராடா ஃபமிலியா பேராலயக் கட்டுமானக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ஆலயத்தை இரண்டு முறை வந்து பார்த்தவன் நான். முதல் தடவை, மரம்போல் கிளைவிட்டு நிற்கும் தூண்களுக்கு நடுவே அண்ணாந்தபடி நின்றுவிட்டேன். கூட வந்தவர்கள் தேடி வந்து கூட்டிப்போனார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இரண்டாம் தடவை மயோர்கா தெருப்பக்கம் நடந்தேன். ஆலயத்தின் முதன்மை வாசலாகும் மகிமை முகப்பு எழும் பக்கம் அது. எதிரே அடுக்குமாடி வீடுகள். மூன்றாவது மாடியில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு குழந்தையின் பள்ளிச் சட்டையை உதறி, இரண்டு தோள்பட்டையிலும் கிளிப் மாட்டினார். முகப்பின் முன் வரவேண்டிய பெரிய படிக்கட்டு தெருவைத் தாண்டி அந்த வீடுகள் நிற்கும் இடத்தில்தான் இறங்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஆலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கௌடியின் திட்டத்தைத்தான் பின்பற்றுகிறோம் என்கிறீர்கள். அவர் மேல் உங்களுக்கு உள்ள மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் 1883-ல் பொறுப்பேற்றபோது, தமக்கு முன் இருந்த கட்டடக் கலைஞர் வில்யார் பழைய கோதிக் தேவாலயப் பாணியில் போட்ட வரைபடத்தை அவர் அப்படியே கட்டவில்லையே. 1936-ல் கௌடியின் வரைபடங்கள் எரிந்தன, சாந்து மாதிரிகள் நொறுக்கப்பட்டன. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, ஊகித்து, கணினியில் கணக்குப் போட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்? மற்ற இடங்களில் தேவைக்கேற்ப யோசித்த நீங்கள் இந்தப் படிக்கட்டையும் மறுபடி யோசிக்கலாம்.

இயேசு கிறிஸ்து கோபுரத்தின் உயரம் 172.5 மீட்டர். பார்சலோனாவில் கடவுள் படைத்த மோண்ட்யூயிக் குன்றை மனிதன் கட்டியது மிஞ்சக் கூடாது என்றுதான் கௌடி அந்த அளவோடு நிறுத்தினார். உயரத்தில் காட்டிய அந்த அடக்கத்தைத் தரையிலும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது பாவப் பரிகார ஆலயம். 1882-ல் சூசையப்பர் திருநாளன்று அடிக்கல் நாட்டி, காணிக்கைக் காசில் வளர்ந்தது. பரிகாரத்துக்காகக் கட்டும் இடத்துக்காக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தால், அதற்குப் பரிகாரம் எங்கே தேடுவது? ஆலயத்துக்கே 2019-ல்தான் முறையான கட்டட அனுமதி கிடைத்தது. எதிரே குடியிருப்பவர்களோ நகராட்சி அனுமதித்த கட்டடத்தில், உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு வாங்கியவர்கள்.

பிறப்பு முகப்பில், நம்பிக்கை வாசலில், எகிப்துக்குத் தப்பி ஓடும் காட்சி இருக்கிறது. கழுதைமேல் மரியா, கையில் குழந்தை, பக்கத்தில் சூசையப்பர். உண்மையான கழுதையை மாதிரியாக வைத்துச் செய்த சிற்பம் என்பார்கள். குடியிருந்த இடத்தை விட்டுப் பிள்ளையோடு கிளம்பும் ஒரு குடும்பம். சக்ராடா ஃபமிலியா என்றால் திருக்குடும்பம்; உங்கள் ஆலயத்தின் பெயரே அந்தக் குடும்பத்தின் பெயர்தான்.

முடிவு நகராட்சியின் கையில் என்று ஒதுங்காதீர்கள். 'வீடுகளை இடித்துக் கிடைக்கும் படிக்கட்டு எங்களுக்கு வேண்டாம்' என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். தெருவைத் தொடாமல் ஏறிவர வேறு வழி வரையச் சொல்லுங்கள். வரையும்போது எதிர்வீட்டுக்காரர்களையும் மேசையில் உட்கார வையுங்கள். வேலை இன்னும் பத்து வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

மூன்றாவது மாடி அம்மாவுக்கு அந்தச் செய்தியை நீங்களே நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலயத்துக்கு மறுபடியும் வர ஆசைப்படும் ஒருவன்