மௌனத்தைக் காத்துத் தந்தவர்களுக்கு

அன்பானவர்களே,

தியான இல்லத்தில் யாரோடும் பேசாமல் செபத்தில் இருக்கும் மௌனத் தியானம் முடிந்து வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்: "ஆண்டவர் பேசினாரா?" பேசினார். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் உங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமைதியாக உட்கார வேண்டுமென்றால், அவர் விட்டுவிட்டு வந்ததையெல்லாம் வேறு யாரோ சுமக்க வேண்டியிருக்கிறது. எனக்காகச் சுமந்த உங்களுக்குத்தான் இந்த நன்றி மடல்.

எனக்கு வழிகாட்டிய சகோதரிக்கு முதல் நன்றி. "செபிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது, சிஸ்டர்" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னேன். "அப்படியென்றால் போய் நன்றாகத் தூங்குங்கள். எழுந்ததும் எலியாவை வாசியுங்கள்" என்றீர்கள். விவிலியத்தில் இறைவாக்கினர் எலியாவின் கதை வரும் 1 அரசர் 19ஆம் அதிகாரம். சுழற்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இல்லாத ஆண்டவர் மெல்லிய ஒலியில் வந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான், மறையுரைகளில் கேட்டுப் பழகியதும்கூட. நீங்கள் என்னை நிறுத்தியது அதற்கு முந்தைய வரிகளில். போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடிவிட்டு எலியா ஒரு செடியின் அடியில் படுத்துத் தூங்கிப்போகிறார். வானதூதர் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். வானதூதர் இரண்டாம் முறையும் எழுப்புகிறார், இரண்டாம் முறையும் சாப்பிடத்தான் சொல்கிறார். கண்டிப்பும் இல்லை, அறிவுரையும் இல்லை. அந்த உணவின் வலிமையில் 40 நாள் நடந்த பிறகுதான் ஓரேபு மலையும் அந்த மெல்லிய ஒலியும். களைத்துப்போனவரை ஆண்டவர் முதலில் தூங்க விடுகிறார், சாப்பிட வைக்கிறார். இத்தனை வருடம் விவிலியம் வாசித்தும் இந்த இரக்கம் என் கண்ணில் பட்டதில்லை.

அதன் பிறகு நீங்கள் அதிகம் பேசவில்லை. ஒரு பகுதியைத் தருவீர்கள், மறுநாள் கேட்பீர்கள், அவ்வளவுதான். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் தியானத்துக்கு வழிகாட்டுபவருக்குச் சொல்லியிருப்பதும் இதைத்தான்: தராசு முள்ளைப் போல எந்தப் பக்கமும் சாயாமல் நில், படைத்தவர் தம் படைப்போடு நேரடியாகப் பேசட்டும் என்கிறார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த பயிற்சிகள் அவை. இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் அந்த அடக்கத்தோடு ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார் என்பதே எனக்குப் பெரிய கொடை. உங்களுக்குத் தெரிந்ததில் பாதியைக்கூட நீங்கள் என்னிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லாமல் விட்டதற்காகவும் நன்றி.

சமையலறையில் இருந்தவர்களே, வானதூதர் எலியாவுக்குச் செய்ததை நீங்கள் எங்களுக்குச் செய்தீர்கள். நாங்கள் மௌனமாக இருந்ததால் அங்கே வாய்விட்டு நன்றி சொல்லக்கூட முடியவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்துச் சமையலறையில் பல வருடங்கள் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், செப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் தமக்கு வித்தியாசம் இல்லை, பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் கடவுளோடு இருக்கிறேன் என்று சொல்லிவந்தார். உங்கள் பக்கமிருந்தும் பாத்திரச் சத்தம் கேட்டது. அது என் செபத்தைக் கலைக்கவே இல்லை.

கூடவே தியானம் செய்தவர்களுக்கும் நன்றி. உங்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் யாருக்குத் தண்ணீர் வேண்டும், யாருக்குப் படியேறக் கஷ்டம், யாரைத் தனியே விட வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்திருந்தது. வாய்விட்டுக் கேட்க முடியாத இடத்தில் ஒருவரையொருவர் கவனித்துத்தான் ஆக வேண்டும். இயேசுவின் திருவுடலாக நாம் வணங்கும் நற்கருணை முன் நான் அழுதபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார், எழுந்து போகவில்லை. அது போதுமாக இருந்தது.

கடைசி நாள் பேசிய அருட்தந்தைக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். தியான இல்லத்தில் ஆண்டவரைத் தேடியது போதும், இனி அவர் உங்கள் வீட்டில் என்ன செய்கிறார் என்று பாருங்கள் என்றீர்கள். எம்மாவு ஊருக்குப் போன சீடர்கள் இருவரும் உயிர்த்த இயேசுவை அடையாளம் தெரியாமலே வழியெல்லாம் அவரோடு நடந்தார்கள், பேசினார்கள். அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது. வழியில் உள்ளம் பற்றி எரிந்தது அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. தினசரி ஆன்ம பரிசோதனையும் அப்படித் திரும்பிப் பார்ப்பதுதான் என்று விளக்கினீர்கள். அதுவரை எனக்கு அது பாவக் கணக்காகவே தெரிந்திருந்தது. இஞ்ஞாசியார் அதை நன்றியில் தொடங்கச் சொல்கிறார். அப்புறம் ஒளி கேட்டு, கழிந்த நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, மறுநாளுக்கான அருளைக் கேட்பது. படிப்பில் நேரமெல்லாம் போய்விடும் இளம் இயேசு சபையினரைப் பற்றி 1551இல் அவர் சார்பில் எழுதப்பட்ட கடிதத்தையும் நீங்கள் நினைவுபடுத்தினீர்கள்: நீண்ட தியானத்துக்கு நேரமில்லாவிட்டாலும் பேசும்போது, நடக்கும்போது, பார்க்கும்போது, சுவைக்கும்போது, கேட்கும்போது எல்லாவற்றிலும் கடவுளைத் தேடலாம் என்று. வீட்டை விட்டு நகரவே முடியாதவர்களுக்கு, அன்றாட வேலைகளுக்கு நடுவே தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யும் முறையையும் அவர் வைத்திருக்கிறார். இது நிறையப் பேருக்குத் தெரிய வேண்டும், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது இரவில் அந்த ஆன்ம பரிசோதனையைச் செய்துவருகிறேன். அம்மாவுக்கு நினைவு மங்கிக்கொண்டே போகிறது. கேட்டதையே கேட்பார், என் பெயரைச் சில நேரம் மறந்துவிடுவார். ஒரு நாள் தலைவாரி விடும்போது என் கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும்" என்றார். நான் யார் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியாது. அன்றிரவு நாளைத் திரும்பிப் பார்த்தபோது அந்த இடத்தைத் தாண்டிப் போகவே முடியவில்லை. ஆண்டவர் பேசினாரா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

என் வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலகத் தோழருக்கு நன்றி. ஒரு தடவைகூட நீங்கள் என்னைத் தேடி அழைக்கவில்லை.

அண்ணி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? அத்தனை நாளும் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரியில் எழுந்து பார்த்துக்கொண்டது நீங்கள். நான் செபித்த ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் கையிலிருந்து வந்தது. அடுத்த தியானத்துக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன், சகோதரியிடமும் சொல்லியாயிற்று. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் போய்விட்டு வாருங்கள்.